கரடி கொண்டுபோன ஹெட்செட்

கம்பி இல்லாத எதையும் நான் நம்பமாட்டேன். கம்ப்யூட்டர் கேம் விஷயத்தில் இது என் முதல் கொள்கை. கையில் பிடிக்கிற கன்ட்ரோலருக்குக் கம்பி வேண்டும், காதில் மாட்டுகிற ஹெட்செட்டுக்கும் கம்பி வேண்டும். கம்பி இருந்தால் மாடு கயிற்றில் இருக்கிற மாதிரி; எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். கம்பி இல்லாத பொருள் சார்ஜ் தீர்ந்தால் செத்துப்போகும். அதுவும் நாம் சாகக்கூடாத நேரம் பார்த்துத்தான் சாகும்.

என் மைத்துனன் சந்திரனுக்கு இதில் சம்மதமில்லை. அவன் கண்ணமங்கலத்தில் செல்போன், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். கடைக்காரனுக்குக் கொள்கை ஏது, சரக்குதான் உண்டு.

கண் ஆபரேஷன் ஆன புதிதில் வேலூர் டாக்டர் என்னை வெயிலில் போகாதே என்றார். திரையைப் பார்க்காதே என்று சொல்ல மறந்துவிட்டார். மலைமேல் எங்கள் ஊரான நெல்லிவாசலில் வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்திரன்தான் பழைய பாகங்களைப் பூட்டி ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தான். மலையேறும் ஜீப்பில் அது என் மடியில் வந்தது. எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை, நான் இன்னொருவர் மடியில் வந்தேன்.

கேம் ஆடுவதற்கென்றே விற்கும் கன்சோல் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கன்சோல் ரேஷன் அரிசி. போட்டதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். கம்ப்யூட்டர் சொந்த நிலம். களையும் நம்முடையது, விளைச்சலும் நம்முடையது. புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் புல் அசைவது நிஜம் மாதிரித் தெரியும் என்கிறான் சந்திரன். புல் அசைவதைப் பார்க்க எனக்குக் கதவைத் திறந்தால் போதும். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் கேம்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கள் டவரில் ஒரு கேம் இறங்கத் தொடங்கியபோது சாமை விதைத்தோம். இறங்கி முடித்த அன்றைக்கு அந்தச் சாமையைப் பொங்கிச் சாப்பிட்டோம்.

பேய் கேம்களைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. முகத்துக்கு நேரே ஒன்று கத்திக்கொண்டு வந்து விழுந்தால் அது பயமல்ல, திடுக்கிடல். தகர டப்பாவைத் தட்டினாலும் திடுக்கிடலாம். பயம் வேறு. கதவு திறக்கப்போகிறது என்று தெரியும், எப்போது என்று தெரியாது. அதுதான் பயம். இதைச் சந்திரனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். போன கார்த்திகையில் எனக்கே அது நடந்தது.

கார்த்திகைக் குளிரில் மலைத்தேன் இறுகிவிடும். பானையைக் கவிழ்த்தாலும் சொட்டாது. என் வீட்டுக்காரி அம்சவல்லி, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வருவதைக் கண்டுபிடித்தாள். தேன் பானையை வாய் திறந்தபடி அங்கே வைத்தாள். பானைக்குப் பின்னால் சன்னல். பெட்டி சூடேறக்கூடாது என்று சந்திரன் மூன்று ஃபேன் போட்டிருந்தான். மூன்றும் சேர்ந்து தேன் வாசனையைச் சன்னல் வழியாகக் காடு முழுக்க ஊதிக்கொண்டிருந்தன. இதை நாங்கள் யோசிக்கவில்லை. தேன் இளகியது, அது மட்டும் தெரிந்தது.

அன்று பொழுது சாய்ந்து, வீட்டுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. அம்சவல்லி இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டாள்.

"கொழாயாண்ட போய்ட்டு வர்றேன். முன்கதவ சும்மா சாத்திட்டுப் போறேன், தாப்பா போட்டுக்காத. ரெண்டு கையிலயும் கொடம் இருக்கும், தோளால தள்ளிக்கினு வர்ணும்."

"சரி சரி."

"இன்னா சரி? காதுல வுழுந்துச்சா?"

"தாப்பா போடல. போ."

அவள் போனாள். நான் பாழடைந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் டார்ச்சோடு நடந்துகொண்டிருந்தேன். அதாவது கேமில். கூடவே கண்ணமங்கலத்திலிருந்து இணையம் வழியாகச் சந்திரனும் நடந்துகொண்டிருந்தான். என் தலையில் கம்பி இல்லாத ஹெட்செட். அவன் ஓசியில் கொடுத்ததால் கொள்கையைச் சற்றுத் தளர்த்தியிருந்தேன். பேய் கேமுக்குச் சத்தம்தான் முக்கியம், அதை முழுசாக வைத்திருந்தேன். நடுநடுவே பானையில் விரலை விட்டு நக்கிக்கொண்டதால் ஹெட்செட்டின் பஞ்சிலும் தேன்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். கனமான, ஈரமான மூச்சு.

"சந்திரா, ஒன் ஹெட்செட் பரவால்லடா. பேய் முதுகாண்டயே நிக்கிற மாதிரி கீது."

"இந்த ரூம்ல பேயே இல்ல மாமா."

ஹெட்செட்டைக் கழற்றினேன். மூச்சு நிற்கவில்லை.

திரும்பினேன். திறந்து கிடந்த பின்வாசலை அடைத்துக்கொண்டு கரடி நின்றது. மூக்கு மட்டும் தனியாக அசைந்தது.

பரணுக்கு ஏணி சாத்தியிருந்தது. அதில் நான் ஏறினேனா, அது என்னை ஏற்றிக்கொண்டதா, எனக்கு நினைவில்லை. முழங்கால் வலிக்கு அன்று காலையில்தான் ஊசி போட்டுக்கொண்டு வந்தவன் நான். மேலே போய் மூட்டைகளுக்கு நடுவில் படுத்த பிறகுதான் கரடி மரமேறும் என்பது ஞாபகம் வந்தது. ஏணியை மேலே இழுத்துப் பார்த்தேன், கனத்தில் அது அசையவில்லை. செல்போன் கீழே சார்ஜில். கன்ட்ரோலர் கம்பியோடு மேஜையில். கொள்கைப்படி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

கரடி என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு பானையைப் பார்த்தது. பானைதான் மேல் என்று முடிவு செய்து, என் நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலி முனகியது. அது பானையை மடிக்கு இழுத்து மூக்கை உள்ளே விட்டது. ஒரு முன்கால் கன்ட்ரோலரின் மேல் விழுந்தது. திரையில் நான் ஓடத் தொடங்கினேன்.

"மாமா, இன்னா வேகம். அங்க போவாத, நர்ஸ் பேய் கீது." கொஞ்ச நேரம் கழித்து, "அட, அட்ச்சிட்டியா? இன்னிக்குதான் மாமா நீ ஒழுங்கா ஆட்ற."

மேஜையிலிருந்த ஹெட்செட்டிலிருந்து அவன் குரல் பரண் வரைக்கும் கேட்டது. கரடிக்கும் கேட்டது. ஹெட்செட்டை எடுத்து மோந்தது. பஞ்சிலிருந்த தேனை நக்கியது. உள்ளே இன்னும் இருக்கிறதா என்று முகத்தை விட்டதில் ஹெட்செட் தலையைத் தாண்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

"இன்னா மாமா, சோறு துண்றியா? வாய மூடிக்கினு துண்ணக்கூடாதா?"

கரடி உறுமியது.

"சரி, கோவிச்சுக்காத. துண்ணு."

அப்போதுதான் வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

அடுத்த குரல் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளுடையது. "இன்னாக்கா, அதுக்குள்ள கெளம்பிட்டே?"

"அந்த ஆளு பொட்டியாண்ட குந்திக்கினு கீது. நான் போய்தான் வெளக்கு போட்ணும்."

செருப்புச் சத்தம் வீட்டை நோக்கி வந்தது. இரண்டு கையிலும் குடம். தோளால் தள்ளினால் கதவு திறக்கும், திறந்த உடனே நாற்காலி. கத்தலாம்தான். ஆனால் நான் கத்தினால் அம்சவல்லி நிற்கமாட்டாள், ஓடிவருவாள். கல்யாணமான நாளாக அவள் அப்படித்தான். கத்தாமலிருந்தால் நடந்து வருவாள். நடந்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.  

பரணை ஒட்டிய சுவரில் கரண்டுப் பெட்டி இருக்கிறது. கீழே மேஜைக்கடியில், கரடியின் கால் பக்கத்தில், கரண்டு போனால் கம்ப்யூட்டரைத் தாங்கவேண்டிய என் பழைய யூபிஎஸ். அதன் பேட்டரி சாகக் கிடந்து பல நாளாயிற்று. "மாத்து மாமா, கரண்டு போனா ஊரையே எழுப்புது" என்பான் சந்திரன். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பது என் இரண்டாவது கொள்கை.

படுத்தபடியே ஊர்ந்து போனேன். மூட்டை ஒன்று சரிந்தது. கரடி பானையிலிருந்து மூக்கை எடுத்து ஏணியைப் பார்த்தது. எழுந்து முதல் படியில் கையை வைத்தது. செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. கரண்டுப் பெட்டிக்குள் கையை விட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

வீடு இருண்டது. யூபிஎஸ் கத்தியது. ஆட்டுக்குட்டியின் காலை மிதித்த மாதிரி விட்டு விட்டு நாலு கத்தல், பிறகு உயிர் போகிற மாதிரி ஒரே நீளமாக ஒன்று. ஏணி விழுந்தது. பானை உடைந்தது. ஏதோ ஒரு கதவு படாரென்று மோதியது.

எந்தக் கதவு என்று தெரியவில்லை.

யூபிஎஸ் ஓய்ந்தது. இருட்டு. "அம்சா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பதில் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான லோடிங்கை நான் பார்த்ததில்லை.

தரையில் ஒரு குடம் வைக்கும் சத்தம். பிறகு இன்னொன்று.

"கரண்டு போச்சா? இன்னாய்யா இது, காலெல்லாம் தேனு?"

பின்கதவுதான். நான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன், கண் ஆபரேஷன் ஆன கண்.

நடந்ததைச் சொன்னேன். அம்சவல்லி உடைந்த பானையைப் பார்த்தாள், சரிந்த ஏணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேனக் கொட்டிட்டு கரடி மேல பழி போடுது" என்று சொல்லி விளக்குமாறு எடுக்கப் போனாள். ஆனால் பின்வாசல் மண்ணில் கால் தடத்தைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சந்திரன் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. அன்றைக்கு ஆடின ஆளை இன்னொரு நாள் கூப்பிடு என்கிறான்.

தேன் இப்போது அடுப்படியில் இருக்கிறது, இறுகியே இருக்கிறது. கரடியின் கழுத்தோடு போன ஹெட்செட் திரும்பி வரவில்லை. அதன் சிக்னல் முப்பது அடி, அதற்கு மேல் எட்டாது என்று அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அதனால் பொழுது சாய்ந்தால் நான் கேமைப் பார்ப்பதில்லை, திரையின் ஓரத்தைப் பார்க்கிறேன். சில சாயங்காலங்களில் அங்கே சின்னதாக ஓர் அடையாளம் வரும்: ஹெட்செட் இணைந்தது. உடனே நான் எழுந்து பின்கதவுக்குக் கட்டை போடுவேன், அம்சவல்லி கையிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைப்பேன். "வந்துட்ச்சா?" என்பாள். "வந்துட்ச்சு" என்பேன். முன்கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அடையாளம் மறைகிற வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கம்பி இல்லாத பொருளால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று சந்திரனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அது இரண்டு நாள் சார்ஜ் நிற்கும் ஹெட்செட். போனது கார்த்திகையில், இப்போது மாசி. நேற்றும் இணைந்தது. அடையாளத்துக்குப் பக்கத்தில் பேட்டரி அளவு காட்டும். நூறு சதவீதம் என்றிருந்தது. எங்கள் காட்டில் பிளக் பாயின்ட் கிடையாது.