முப்பத்தைந்தாம் எண்

திரையில் அடுத்தடுத்து இரண்டு கறுப்புக் கட்டங்கள், ஒன்றில் என் பெயர், மற்றதில் ஜெசிந்தாவின் பெயர், இரண்டு போன்களும் என் மடியில்தான், ஒன்று என் அம்மாவுடையது, அதில்தான் ஜெசிந்தா, காலேஜை மூடி ஆன்லைன் வகுப்பு தொடங்கி நாற்பது நாளாகிறது, ஞானசுந்தரி மேடம் எண்களை வாசித்துக்கொண்டே வருகிறார், முப்பத்துநாலு நான், முப்பத்தைந்து ஜெசிந்தா, எம்.எஸ்சி.யில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பெஞ்ச், அவள் வரத் தாமதமானால் நான் மூக்கால் பேசி அவளுக்கும் பிரசன்ட் மேம் சொல்வேன், நான் வராவிட்டால் அவள் சொல்வாள், இதில் என்ன பெரிய பாவம் என்று அப்போது இருந்தது.

முதல் வாரம் அவளும் வந்தாள், மேடம் ஒரு கேள்வி கேட்டுக் கேமராவைப் போடச் சொன்னதும் போட்டாள், திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தபடி பதில் வராமல் இருந்தாள், லேபில் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள், யாரோ சிரித்தார்கள், அது நானாக இருக்குமோ என்று இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது, அன்று சாயங்காலம் போனில், ஏட்டி, நெஞ்சு படபடன்னு அடிக்கு, அம்பது பேரும் என்னையே பாக்காங்க, ஒருத்தர் மூஞ்சியும் எனக்குத் தெரியல, என்னால முடியாதுட்டி, என்றாள், ரெண்டு நாள் சும்மா இரு, அட்டெண்டன்ஸ நான் பாத்துக்கிடுதேன், என்றேன், பெரிய இவள் மாதிரி.

அந்த இரண்டு நாள் முடியவேயில்லை, கனவிலும் மேடம் வாசிக்கிறார், எல்லா எண்ணுக்கும் நானே எழுந்து நிற்கிறேன், நேற்று என் எண்ணுக்கே மூக்கால் பதில் சொல்லிவிட்டு யார் குரல் இது என்று திகைத்துப்போனேன், இன்று காலை அவள் அம்மா கூப்பிட்டார், ஜெசி படிப்பே வேண்டாம்ங்கா, நாளைக்கு டி.சி. கேட்டு எழுதப் போறாளாம், இத்தன நாளா நான் கிளாசுக்குப் போகல, ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கலம்மா, நான் இல்லன்னு யாருக்கும் தெரியக்கூட இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுதா, நீயாவது அவட்ட பேசும்மா.

எப்படிக் கேட்பார்கள், ஒரு நாள் விடாமல் நான்தான் அவளை வரவைத்துக்கொண்டிருந்தேனே, உதவி என்று நினைத்துத்தானே செய்தேன், தெர்ட்டி ஃபைவ், என்கிறார் மேடம், பழக்கத்தில் மூக்கு முந்துகிறது, வாயை மூடிக்கொள்கிறேன், தெர்ட்டி ஃபைவ், ஜெசிந்தா இருக்கியாம்மா, என்று மறுபடி கேட்கிறார், நான் என் கேமராவைப் போடுகிறேன், ஆப்சென்ட் மேம், என்கிறேன், இன்னைக்கு மட்டுமா, என்கிறார், இல்ல மேம், முதல் வாரத்துக்கு அப்புறம் அவ வரவே இல்ல, நான்தான் சொல்லிட்டிருந்தேன், என்னை என்ன வேணா பண்ணுங்க, அவளுக்கு இப்பவே ஒரு போன் போடுங்க மேம், ஏன் வரலன்னு கேளுங்க.