கொய்யா பூத்த வருடம்

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்மரம் வழியாக மேலே ஏறும், இலை சமைக்கும் சர்க்கரை பட்டை வழியாக வேருக்கு இறங்கும் என்று கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போடாத வருடமில்லை. அப்படிப்பட்ட மேதாவி செய்த காரியத்தைக் கேளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் நிற்பது எங்கள் மகள் நட்ட கொய்யா. வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். போன வருடம், பதின்மூன்று வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அதுவரை அந்த மரம் பூத்ததே இல்லை. ஒரு பழம்கூடப் பார்க்காமல் போய்விட்டாளே என்று என் மனைவி தினமும் தண்ணீர் ஊற்றும்போது சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு வெந்துபோனது.

பட்டையை வளையமாக உரித்தால் சர்க்கரை கீழே இறங்காமல் மேலேயே தங்கும், பூக்கும். அதை ஒரு கிளையில் மட்டும், சீக்கிரம் மூடிக்கொள்ளும்படி மெல்லிசாகச் செய்ய வேண்டும். எனக்கோ மரம் முழுக்கப் பூக்க வேண்டும் என்ற பேராசை. அடிமரத்திலேயே இரண்டு விரல் அகலத்துக்கு உரித்து, காயம் மனைவி கண்ணில் படாமல், எறும்பு ஏறாதிருக்க என்று சொல்லித் துணி சுற்றிவிட்டேன்.

கிளை தெரியாமல் பூத்தது. மகள் போன பிறகு முதல்முறையாக என் மனைவி சிரித்தாள்.

"வாத்தியாரே, உங்க வாலு வேலையக் காட்டிட்டா பாத்தீங்களா."

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். காயம் மூடவில்லை. காயத்தின் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் சேரும்படி அதே மரத்துக் குச்சிகளைப் பாலமாக வைத்து ஒட்டுக் கட்டி, மறுபடி துணி சுற்றினேன்; ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இலையெல்லாம் பச்சைதான். வேர் மட்டும் சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது; அது தீர்ந்தால் மரம் பட்டுப்போகும்.

நேற்றுக் காலை அவளே துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"அப்போ இந்தப் பூவெல்லாம் வேரோட சாப்பாடா?"

"ஆமா."

"இனி அதுக்கு எதுவுமே கெடைக்காதா?"

"நாம ஊத்துற தண்ணி மட்டும்தான்."

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் வாலுவின் வாயில் பஞ்சை நனைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டவள் அவள். நான் வெளியே டாக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கும் அவ்வளவுதான் எறங்குச்சு" என்றாள். பாதி வாளியை மரத்தடியில் ஊற்றிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவையாவது நீங்களும் ஊத்துங்க."