மாதாவுக்கு அடியில் சாவி

அருள்ஜோதியின் மாமனார் இஞ்ஞாசி கடல் தாண்டி வேளாங்கண்ணிக்குக் கிளம்பும்போது போட்ட கட்டளை ஒன்றுதான். டிவியை யாரும் தொடக் கூடாது. இழுத்துச் சாத்தும் மரக்கதவு வைத்த கலர் டிவி அது. சில மாதமாகவே பூட்டிக் கிடந்த அந்தக் கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை டிவியின் மேல் நின்ற மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மாதாவைத் தூக்கிச் சாவியை எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அந்தச் சுரூபம் வருஷக்கணக்காக அவருடைய டாக்சியின் முன்கண்ணாடிக்குக் கீழே நின்று ஊரெல்லாம் சுற்றியது. வயதாகி டாக்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, வீடு திரும்பி மாதாவை டிவி மேல் வைத்த அன்றுதான் மூத்த மகன் லாசரஸின் தலையில் இடி விழுந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அவர் நாலு பேர் காலில் விழுந்து வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டானாம். பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு அவனை அன்று மாலையே வெளியே அனுப்பினார் கிழவர். இப்போது வடகோடியில், உட்லண்ட்ஸில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். அதிலிருந்து இந்த பஃபலோ ரோட்டு வீட்டில் உட்லண்ட்ஸ் என்றால் ஊர் இல்லை, தண்டனை.

இளைய மருமகள் அருள்ஜோதிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். அவள் கணவன் இயேசுதாசனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

“நாளைக்கு அப்பா வந்துடுவாரு. இன்னைக்கு ஒரு தடவ ஆடிட்டு மூடிடலாம் லா.”

“கேம் வயரைச் சொருகுனா டியூப் போயிடும்னு மாமா சொல்லியிருக்காருங்க.”

“அவரு டாக்சி டிரைவரா, டிவி மெக்கானிக்கா?”

அவள் சிலுவை போட்டுக்கொண்டு சுரூபத்தைத் தூக்கினாள். சாவியும் அடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. மாதாவுக்கே விட மனமில்லை போலும். சாவியைப் பிய்த்து எடுத்துவிட்டு, சுரூபத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆன்டெனா வயரை உருவிவிட்டுக் கேம் வயரைச் சொருகினான் இயேசுதாசன். முதலில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. சேனல் குமிழைத் திருகத் திருகப் படம் வந்தது, ஆனால் மேலே மேலே ஓடியது. பின்பக்கத்துச் சின்னக் குமிழைத் தடவித் திருப்பியதும் நின்றது. நின்ற பிறகுதான் இருவரும் பார்த்தார்கள். திரையின் மேல்பக்கம் ஊதாவும் பச்சையுமாக, அடிபட்டுக் கன்றிப்போன தோலைப் போல ஒரு கறை.

“பழைய பெட்டி, அதான்” என்று கேமைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டினான். மலாய்ச் செய்தி வாசிப்பவர் வந்தார், பச்சை நெற்றியோடு. வயரை மாற்றிச் சொருகினான், எல்லாக் குமிழையும் திருகினான், பக்கத்தில் தட்டியும் பார்த்தான். கறை அசையவில்லை. அருள்ஜோதிக்குச் சந்தேகமே இல்லை. டியூப் போய்விட்டது. அடுத்த உட்லண்ட்ஸ் நாம்தான்.

மறுநாள் காலை அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கறை தெரியும் திரைக்கு முன்னால் முட்டி போட்டு, மாதாவை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். கண்ணைத் திறந்தபோது மேலே கறை மங்கியிருந்தது. கீழே, அவள் நெஞ்சுக்கு நேராக இறங்கியிருந்தது. பயந்து பின்னால் சாய்ந்தாள், அதுவும் சுருங்கியது. “ஏங்க!” என்று கத்தினாள்.

இயேசுதாசன் ஓடிவந்து சுரூபத்தை வாங்கி இப்படியும் அப்படியும் ஆட்டினான். நிறமும் கூடவே ஆடியது. அடுப்படிக் கத்தியை எடுத்து அதன் அடியில் வைத்தான், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

“காந்தம், ஜோதி. டாக்சி ஓடும்போது விழாம இருக்க வச்சிருக்காங்க. அதுதான் கலர இழுக்குது.”

மாதாவைச் சுவரோரத்து ஜெபப் பீடத்துக்கு மாற்றினார்கள். டிவியை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கறை கொஞ்சம் வெளுத்தது. மத்தியானத்துக்குள் திரை சுத்தம். அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை.

“மாதா ஏன் எடம் மாறிச்சுன்னு கேட்டா?”

“காந்தம்னு சொல்லுவோம்.”

“டிவிய எப்படித் தொறந்தீங்கன்னு கேப்பாரு. மாதாவாலதான் டிவி கெட்டுச்சுன்னு அவருகிட்ட நீங்க சொல்றீங்களா?”

கதவைப் பூட்டி, சாவியையும் மாதாவையும் பழையபடியே வைத்தார்கள்.

சாயங்காலம் மொட்டைத் தலையோடு வந்தார் இஞ்ஞாசி. கோப்பியைக்கூடத் தொடவில்லை. நேரே போய்ச் சாவியை எடுத்து, மாதாவை டிவி மேலேயே வைத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டார். கறை வந்து நின்றது. எந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று அருள்ஜோதி அப்போதே எண்ணத் தொடங்கிவிட்டாள்.

கிழவர் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“இன்னும் போகலையே” என்றார். “லாசர அனுப்புன அன்னைக்கு ராத்திரி வந்துச்சு இது. மாதாவுக்கு எம்மேல கோவம்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் பூட்டுனேன். மொட்ட போட்டேன், முட்டி போட்டே கோயிலுக்கு நடந்தேன். இன்னும் போகலையே தாசா.”

இந்த வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் இவர்தானா என்று நினைத்தாள் அருள்ஜோதி.

“அப்பா, அது வந்து கா...” என்று ஆரம்பித்தான் இயேசுதாசன். அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

“மூத்தவரக் கூட்டிக்கிட்டு வாங்க மாமா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயில் பூசை முடிந்து லாசரஸ் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீட்டுக்குள் நுழைந்தான். அதற்குள், வருகிறவர்கள் கும்பிட வசதி என்று சொல்லி மாதாவைப் பீடத்துக்கு மாற்றி, டிவியையும் போட்டுப் போட்டு அணைத்திருந்தாள் அருள்ஜோதி. கிழவர் கதவை இழுத்துத் திறந்து டிவியைப் போட்டார். திரையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபடி திரும்பினார்.

“ஜோதி, மாதாவ டிவி மேலயே கொண்டுவந்து வைம்மா. அவங்க எடம் அதுதான்.”

அவள் சுரூபத்தை எடுத்தாள். டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இயேசுதாசன் தரையைப் பார்த்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கிழவர் காத்திருந்தார்.