வெள்ளையாகவே இருந்த பில்டர்

மாமனார் பில்டரைச் சட்டத்தோடு உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். போட்டு இரண்டு மாதம் ஆகியும் புது நோட்டின் முதல் பக்கம் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. டாக்டர் ஆயிரம் சொல்லலாம், வீட்டில் தூசி இருந்தால் இதில் தெரிய வேண்டுமா வேண்டாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன். வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தலையாட்டுவதில் ஒன்பது வருட சர்வீஸ் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு மேலும் கீழும், எதற்குப் பக்கவாட்டில் என்பதெல்லாம் எனக்கு இப்போது யோசிக்காமலே வரும்.

அன்று காலையில்தான் மகளை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தோம். அவளுக்கு எட்டு வயது. வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். ஆறு மாதமாக அந்தப் பெயருக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. படுத்தால் இரைப்பு, எழுந்தால் இருமல், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவாள். பள்ளிக்கூடத்தில் நன்றாக இருக்கிறாள், வெளியூர் போனால் நன்றாக இருக்கிறாள், வீட்டுக்கு வந்தால்தான் இழுக்கிறது என்றால் வீட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இழுப்பு வந்த நாளையெல்லாம் என் மனைவி காலண்டரில் சிவப்பு மையால் அடித்துக்கொண்டு வந்தாள். போன மாதத்தில் மட்டும் பத்தொன்பது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் தன் முடிவைச் சொன்னாள். வேறு ஊரில் இருக்கும் அவள் அக்கா வீட்டில் மகளைக் கொண்டுபோய் விடுவது, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. இடம் கூடக் கேட்டாகிவிட்டது, பதினைந்து நாளில் வகுப்பு ஆரம்பம். என் மனைவி சத்தம் போட்டுப் பேசினால் சமாதானத்துக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். அன்று சத்தமே போடவில்லை. மாமனார் எழுந்துபோய், ஆளில்லாத அறையில் காற்று வரும் வாயை அடைத்திருந்த அட்டையின் மேல் இன்னொரு வரி டேப் ஒட்டிவிட்டு வந்தார்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'ஃபர்ஸ்ட் கியர்' என்று பட்டப்பெயர். எதைப் பிடித்தாலும் அதே பிடிதான், அடுத்த கியருக்கு மாறுகிற பேச்சே கிடையாது. ரிடையர் ஆன வருடம் இந்த வீட்டுக்கு அவரே நின்று ஒரு மிஷின் போட்டார். வீட்டுக்குள் நடைவழி அலமாரியில் மிஷின். அதிலிருந்து மேலே பரண் வழியாக ஐந்து அறைக்கும் தகரக் குழாய் போகும். குளிர்காலத்தில் சூடு, வெயில் காலத்தில் குளிர்ச்சி. அறைகளின் காற்றை மிஷின் திரும்ப இழுத்துக்கொள்ள ஹால் சுவரில் ஒரு கிரில், அதற்குப் பின்னால்தான் பில்டர். மிஷினை அவர் 'வண்டி' என்றுதான் சொல்வார். பேத்திக்கு முதல் தடவை இரைப்பு வந்தபோது வண்டியைச் சீர்திருத்த இறங்கினார். கடையில் இருப்பதிலேயே அடர்த்தியான பில்டரை வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டார். பஸ்ஸில் மற்ற ஜன்னல்களைச் சாத்தினால் திறந்திருக்கிற ஒரு ஜன்னலில் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்ற கணக்கில், நான்கு அறைகளின் வாயையும் அட்டை வைத்து அடைத்தார். சுத்தமான காற்று முழுவதும் பேத்திக்கே போகட்டும் என்றார். அதற்குப் பிறகுதான் சிவப்பு மை அதிகமாகத் தேவைப்பட்டது. அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், என் பிழைப்பே இந்த மிஷின்கள்தான். பதினாலு வருடமாக ஊரார் வீட்டில் சூடு வரவில்லை, குளிர்ச்சி வரவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். கல்யாணமான புதிதில், ஹால் கிரில் போதாது, இன்னொன்று வைக்க வேண்டும் என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். மூன்று வாரம் மாமனார் என்னோடு பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, உப்பு வேண்டும் என்பதைத் தன் மகள் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார். அன்றோடு அவர் வண்டியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வீம்பு பாதி, சோம்பல் பாதி.

மறுநாள் ஒரு டீச்சர் வீட்டில் வேலை. மிஷின் நன்றாகத்தான் ஓடியது, வருடாந்திரச் சோதனை அவ்வளவுதான். பில்டரை உருவினேன். கரிச்சட்டியின் அடி மாதிரி இருந்தது. டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. தினமும் பெருக்கித் துடைக்கிறேன், நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்றார். இந்த மாதிரி சமயத்துக்கென்று நான் ஒரு வசனம் வைத்திருக்கிறேன், ஆயிரம் வீட்டிலாவது சொல்லியிருப்பேன்.

"கறுத்தா நல்லதுங்க. அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தாத்தான் நான் பயப்படுவேன்."

சொல்லி முடித்ததும் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மிஷினில் ஏதாவது கோளாறா என்று டீச்சர் பயந்துபோய்க் கேட்டார். கோளாறு எங்கள் வீட்டில் என்றேன். மூடியை மாட்டிவிட்டு, மத்தியானத்து வேலைகளை நாளைக்குத் தள்ளிவிட்டு, வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நேற்று அந்த வெள்ளை பில்டரைக் கண்ணெதிரே பார்த்துத் தலையாட்டியவனும் இதே ஆள்தானே.

மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில். மாமனார் மட்டும் ஹாலில் இருந்தார். நான் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து ஓடிக்கொண்டிருந்த மிஷினின் கிரிலில் வைத்தேன். பட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். அது சாவகாசமாக வழுக்கிக் கீழே விழுந்தது. அதுதான் உறுமுகிறதே, ஓடாமலா உறுமும் என்றார் மாமனார். உறுமுகிறது, ஆனால் இந்த வழியாக இழுக்கவில்லை, அப்படியானால் வேறு எங்கிருந்தோ இழுக்கிறது, பரணுக்கு வாருங்கள் என்றேன். எழுபத்தொரு வயது, இரண்டு முட்டியும் தகராறு. இருந்தாலும் நான் கூப்பிட்ட தொனியில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஏணியில் ஒவ்வொரு படியாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

பரணில் நிமிர முடியாது. நான்கு பிள்ளைகளை வளர்த்த காலத்துப் பஞ்சு மெத்தைகள் சுருட்டிச் சுருட்டிக் கிடந்தன, ஒன்பது உருப்படி. எலி கடித்த ஓட்டைகளில் பஞ்சு பொடிப்பொடியாகக் கொட்டியிருந்தது. டார்ச்சை அடித்துத் தகரக் குழாயின் வழியே போனேன். ஹாலிலிருந்து மேலே வந்து மிஷினுக்குள் இறங்குகிற பெரிய குழாயில், கடைசி இணைப்பு ஒரு கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நின்றது. பழைய டேப் காய்ந்து தொங்கியது. பரண் முழுக்க ஒரு விரற்கடை தூசி, ஆனால் அந்த வாயைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி தகரம் பளபளத்தது. அங்கிருந்த தூசியெல்லாம் ஆறு மாதமாக எங்கே போயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு டிஷ்யூவை மாமனார் கையில் கொடுத்து, கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். இரண்டடி தூரத்திலேயே அது படபடத்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் அவர் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதை அப்புறம் மிஷினைக் கழற்றி எடுக்க வேண்டும், பரவாயில்லை.

மாமனார் வெறும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் புள்ள மூஞ்சில அடிச்சிட்டிருந்தேனா நான்?"

ஒன்பது வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த பதில்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது. இணைப்பு பிரிந்தது யார் குற்றமும் இல்லை, அடர்த்தியாக இரண்டு பில்டர் போட்டதால் மிஷினுக்குக் காற்றுப் பற்றாமல், கிடைத்த ஓட்டையில் பலத்தை எல்லாம் காட்டியிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. நல்ல பில்டர் எப்படிக் கெடுதல் செய்யும் என்றார்.

"மாமா, டிப்போல ஏர் பில்டர் மேல ரெண்டு துண்ட சுத்திக் கட்டிட்டு, வண்டிய எடுங்கன்னா எடுப்பீங்களா?"

மாமனார் பிளந்த இணைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எடுக்க மாட்டேன். மெக்கானிக்கத்தான் கேப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெக்கானிக் நீங்கதான மாப்ள. சொல்லியிருக்கணும்ல?" என்றார்.

"ஒரு தடவ சொன்னேன். மூணு வாரம் எங்கிட்ட உப்புகூட கேக்கல நீங்க."

டார்ச் வெளிச்சத்தில் அவர் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே ஆரம்பிக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ஒன்பது வருடம் தலையாட்டலாம் என்று அப்போது தோன்றியது.

மெத்தையில் ஆரம்பித்தோம். ஒன்பதையும் ஏணி வழியாக இறக்கி வாசலுக்குக் கொண்டுபோனோம். மாமனார் கீழே நின்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவர் மாதிரி 'வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடிங்க' என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார். பரணைக் கூட்டி அள்ளினேன். பிளந்த இணைப்பைத் திருகி இறுக்கி, அதற்கென்று இருக்கிற பசையைக் கையாலேயே அப்பினேன். பிறகு மற்ற இணைப்புகள், ஒன்றுவிடாமல். நான்கு அறைகளின் அட்டைகளையும் மாமனாரே கிழித்தார். நடைவழிச் சுவரில் இரண்டாவது கிரிலுக்கு ஓட்டை போட்டோம். இரட்டை பில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாலு விரல் தடிமனில், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் பில்டரை வைத்தேன். மடிப்பை எல்லாம் விரித்தால் ஒரு படுக்கை விரிப்பு அகலம் வரும். தூசியைப் பிடிக்கும், காற்றை மறிக்காது.

கடைசியாக மகளின் அறைக் கதவு. கதவைச் சாத்தினால் அறைக் காற்று வெளியே வர வழியில்லை, அடியில் ஒரு கட்டைவிரல் அளவு அறுக்க வேண்டும். அந்தக் கதவு மாமனார் மரம் பார்த்து வாங்கி இழைத்தது, வருடா வருடம் பாலிஷ் போடுவார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை முடிந்து வந்திருந்த மனைவிதான் சொன்னாள். அவர் கதவைக் கழற்றிப் படுக்க வைத்து, பென்சிலால் கோடு போட்டு, அவர் கையாலேயே அறுத்தார்.

மனைவி எதையும் நம்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பதினைந்து நாளில் இரண்டு போய்விட்டது, பார்ப்போம் என்றாள். முதல் நாள் சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டாம் நாளும் விழுந்தது. காலையில் காலண்டரைப் பார்த்த மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. நான் லீவு போட்டேன். குழாய்க்குள்ளேயே ஆறு மாதச் சரக்கு இருக்கும் என்று உறைத்தது. மகள் அறைக்குப் போகிற குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, பிரஷ் விட்டு, உறிஞ்சு மிஷின் போட்டு எடுத்தேன். ஒரு பக்கெட் பஞ்சுத் தூசி வந்தது. மிஷினையும் கழற்றியதில் டிஷ்யூ கிடைத்தது.

மூன்றாம் நாள் கட்டம் காலியாக இருந்தது. நான்காம் நாளும். ஐந்தில் லேசாக ஒரு இருமல், அதற்குக் கோடு போடுவதா வேண்டாமா என்று மாமனாரும் என் மனைவியும் சண்டை போட்டார்கள். கடைசியில் அரைக் கோடு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று காலியாகவே போயிற்று. பத்தாம் நாள் மகளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எடுத்துவிட்டார். மருந்தை நிறுத்த வேண்டாம், ஆனால் வீட்டில் என்ன செய்தீர்களோ அதையும் நிறுத்த வேண்டாம் என்றார்.

வந்ததும் வராததுமாக மாமனார் பில்டரை உருவினார். மடிப்புக்கு மடிப்பு சாம்பல் படிந்திருந்தது. என் மனைவி அதில் விரலை இழுத்து, விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி பில்டரைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீடு, பக்கத்து வீடு என்று காட்டப் போய்விட்டார். எங்கள் மாப்பிள்ளை வேலை, எங்கள் மாப்பிள்ளை வேலை என்று அவர் சொல்வது உள்ளே வரை கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் மறைக்க ஸ்பேனர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"இல்லக்கா. இங்கயே இருக்கட்டும். எங்ககூடவே இருக்கட்டும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் கொளுத்தியது. மகள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் ஹாலில் இருந்தோம். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்ற மாதிரி எல்லோருமே கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது உள்ளேயிருந்து அதிகாரமாக ஒரு குரல் வந்தது.

"தாத்தா, குளிருது. என்னத்த பண்ணி வச்சிருக்கீங்க?"

மாமனார் முட்டி வலியை மறந்து எழுந்தார். மிஷினைக் குறைக்கலாம் என்று நான் எழுந்ததும், கையைக் காட்டி உட்கார வைத்தார். தன் பீரோவைத் திறந்து, டிப்போவில் விடியற்காலை டூட்டிக்குப் போட்டுக்கொண்டு போன காக்கி ஸ்வெட்டரை உதறி எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது அது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வந்திருந்தது. கைகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. மேலேயிருந்து வந்த காற்றில் படத்தாள் மேஜையை விட்டுப் பறந்தது. அவள் தொளதொளத்த கைகளை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டே, அதைப் பிடிக்க அறையைச் சுற்றி ஓடினாள். ஒரு சுற்று முடிந்தும் நிற்காமல் ஓடினாள்.