நல்ல சேதி சொன்னவர்

கானான் நாட்டை வேவு பார்த்து வர மோசே பன்னிரண்டு பேரை அனுப்பினார். கோத்திரத்துக்கு ஒரு தலைவர். அவர்களில் யோசுவாவையும் காலேப்பையும் எல்லோருக்கும் தெரியும். மற்றப் பத்துப் பேரும் யார் என்று கேட்டால் பாஸ்ரர்மாரே தலையைச் சொறிவார்கள். ஒஸ்லோவில், குரோருட் பகுதியில் நோர்வேக்காரரின் தேவாலய நிலக்கீழ் மண்டபத்தை இரவல் வாங்கி, ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிற தமிழ்ச் சபையில் மூன்று யோசுவாவும் இரண்டு காலேப்பும் ஓடித் திரிந்தார்கள். சம்முவா என்றோ சேத்தூர் என்றோ பிள்ளைக்குப் பெயர் வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அந்தப் பத்துப் பேரும் செய்த குற்றம் ஒன்றுதான். நாடு நல்ல நாடு, ஆனால் அங்கே இராட்சதர் இருக்கிறார்கள், எங்களால் ஏலாது என்று வந்து சொன்னார்கள். சனம் கலங்கி அழுதது. பத்துப் பேரும் வாதையில் செத்தார்கள். போகலாம் என்று சொன்ன இரண்டு பேருக்குத்தான் அந்த நாட்டில் கால்வைக்கக் கொடுத்துவைத்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு யூலையில் பாஸ்ரர் இதைப் பிரசங்கித்தபோது அருட்செல்வம் முன்வரிசையில் இருந்தார். அடுத்த நாள் அவருக்கும் சபையின் இன்னொரு சகோதரன் இராசமணிக்கும் இலங்கைக்கு விமானம்.

அது சமாதான காலம். நோர்வே நடுவில் நின்று போர்நிறுத்தம் செய்துவைத்திருந்தது. ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேர் சூட்கேசும் கையுமாகத் திரிந்தார்கள். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இல்லம் ஒன்று தொடங்கச் சபைக்கு ஆசை. அதை நடத்தச் செபஸ்ரியனும் மனைவி வசந்தமலரும், பத்து வயது மகள் கஜேந்தினியையும் கூட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள். அதற்கு முன்னால் அருட்செல்வமும் இராசமணியும் போய் இடத்தைப் பார்த்து வரட்டும் என்று சபை முடிவெடுத்தது. வேதத்தில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

செபஸ்ரியனும் அருட்செல்வமும் பதினான்கு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து துப்புரவு வேலை செய்தவர்கள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் செபஸ்ரியன்தான். "உள்ளதைப் பாத்து உள்ளபடி வந்து சொல்லு மச்சான். நீ ஓமெண்டால் போறன். வேண்டாமெண்டால் இஞ்சையே இருந்து தும்புத்தடியைப் பிடிக்கிறன்" என்றார்.

அருட்செல்வம் பார்த்தார். காணி நல்ல காணி. கிணற்றில் நல்ல தண்ணீர். பக்கத்து வளவில் ஒரு மனிதர் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி அரைவாசிக்கு நீலப் பெயின்ற் அடித்திருந்தது, கூரை இல்லை. அந்த மனிதரோ வீட்டை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் புதிதாக வெட்டிய பதுங்குகுழிக்கு மேல் பனங்குற்றி அடுக்கிக்கொண்டு நின்றார். வீட்டுக்குக் கூரை போடவில்லையா என்று இராசமணி கேட்டார்.

"அதை மாரிக்கு முந்திப் போட்டால் காணும். இது எப்ப தேவைப்படுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குற்றியைத் தூக்கினார்.

அந்த ஒழுங்கை முழுக்க அப்படித்தான். சமாதானத்தை ஒஸ்லோவில் இருந்தவர்கள்தான் நம்பினார்கள், அதற்குள் இருந்த சனம் நம்பவில்லை. இது புரிய ஒருவருக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஓகஸ்டில் சபை கூடியது. இராசமணி முதலில் எழும்பி, கண்டதை மறைக்காமல் சொன்னார். "சனம் கூரை போட முதல் பங்கருக்குக் குற்றி அடுக்குது. அந்தச் சனத்துக்குத் தெரியாததே எங்களுக்குத் தெரியும்? பிள்ளையோட இப்ப போக வேண்டாம்."

வசந்தமலரின் முகம் கறுத்தது. அப்போது பின்னாலிருந்து யாரோ, "பத்துப் பேரில ஒராள் வந்திட்டார்" என்றார்கள். சனம் சிரித்தது. பாஸ்ரரும் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தார்.

அருட்செல்வம் பொய்யர் அல்ல. யாருடைய வீட்டுக் கறி உப்புக் கரித்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வருகிற ஆள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு தன்மேல் விழுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழும்பினார். "நாடு நல்ல நாடு. சனம் சந்தோசமாய் வீடு கட்டுது. பயப்பட ஒண்டுமில்லை. கர்த்தர் வழி திறந்திருக்கிறார்" என்றார். கொண்டுவந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். இராசமணி தன் துண்டை வாங்காமலே வெளியேறினார். பிறகு அவர் ட்வெய்ட்டாவுக்கு வீடு மாறிப் போனதாகக் கேள்வி. சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அடுத்த வருடம் செபஸ்ரியன் குடும்பம் போனது. இல்லம் நன்றாகத்தான் நடந்தது. படங்கள் வந்தன, கடிதங்கள் வந்தன. அதற்குப் பிறகு சண்டை வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில், கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே, செபஸ்ரியனும் கஜேந்தினியும் ஒரே எறிகணையில் போய்விட்டார்கள். வசந்தமலர் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் மிஞ்சினாள்.

அந்தச் சேதி வந்த நாளிலிருந்து அருட்செல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. ரி-பான சுரங்க ரயிலில் வேலைக்குப் போகும்போது அந்தப் பத்துப் பெயர்களையும் வாய்க்குள் சொல்லத் தொடங்கினார். சம்முவா, சாப்பாத், ஈகால், பல்த்தி, காதியேல், காதி, அம்மியேல், சேத்தூர், நாகபி, கூவேல். பாவப்பட்ட மனிதர்கள், கண்டதைச் சொன்னார்கள். அங்கே இராட்சதர் இல்லை என்று அந்தக் கதை ஓரிடத்திலும் சொல்லவில்லையே! இது ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் மண்டையில் ஏறியிருக்கக் கூடாதா?

சண்டை முடிந்து அடைபட்டிருந்த முகாமிலிருந்து விடுபட்டு வசந்தமலர் நவம்பரில் ஒஸ்லோ வந்து சேர்ந்தாள். ரொம்மனில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். செபஸ்ரியனுக்கும் கஜேந்தினிக்குமான நினைவு ஆராதனை மாதக் கடைசி ஞாயிறு என்று பாஸ்ரர் அறிவித்தார். எல்லோர் முன்னாலும் எழும்பி உண்மையைச் சொல்லிவிடுவது என்று அருட்செல்வம் தீர்மானித்தார். ஆனால் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

ஆராதனைக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போனார். வசந்தமலர் மண்டபத்துக் குசினியில் தனியாக நின்று தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி அடுக்கியிருந்தவற்றைத்தான் திரும்பவும் கழுவினாள். அருட்செல்வம் கதவைச் சாத்திவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். நீலச் சுவரையும், பனங்குற்றியையும், அந்த மனிதர் சொன்னதையும். "எனக்குத் தெரியும் மலர். தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து. இண்டைக்கு எல்லாருக்கும் சொல்லப்போறன்."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். அழுவாள், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஒன்று நடந்தால் போதும் என்றிருந்தது.

"இராசமணி அண்ணை பிறகு எங்கடை வீட்டுக்கும் வந்து சொன்னவர். கஜேந்தினியை எண்டாலும் விட்டிட்டுப் போங்கோ எண்டு கெஞ்சினவர். நான்தான் கதவைச் சாத்தினனான். விசுவாசமில்லாத ஆள் எண்டு பேசினனான்" என்றாள் அவள்.

"அது என்னாலை, மலர்..."

"அருள் அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கர்த்தர் கூப்பிட்டவர், அதாலை போனனாங்கள். அப்பிடி நினைச்சால்தான் எனக்கு ரெண்டு மணித்தியாலமெண்டாலும் கண் மூடுது. நீங்கள் எழும்பிப் பொய்யெண்டு சொன்னால், நான் என்ரை பிள்ளையை ஆரின்ரை பேச்சைக் கேட்டுக் கொண்டுபோய்க் குடுத்தனான்?" அவளுடைய குரல் உயரவேயில்லை. "எல்லாம் போச்சு. இது ஒண்டுதான் கிடக்கு. இதையும் பிடுங்காதேங்கோ."

"எனக்கு ஏலாது மலர். இதைச் சுமக்க ஏலாது."

"சுமவுங்கோ" என்றாள் அவள். "நான் சுமக்கிறன்தானே. இண்டைக்கு நீங்கள் சாட்சி சொல்ல வேணும். அண்டைக்குச் சொன்னது மாதிரியே சொல்லுங்கோ."

மண்டபம் நிறைந்தது. பாட்டு முடிந்தது. செபஸ்ரியனைப் பாஸ்ரர் நம்முடைய காலேப் என்றார். பிறகு, அந்த நாட்டை முதலில் பார்த்து வந்த சகோதரன் பேசுவார் என்று அருட்செல்வத்தைக் கூப்பிட்டார். அவர் எழும்பி நடந்தார். முதல் வரிசையில் வசந்தமலர் கண் வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கும் வழியையும் அவள் அடைத்துவிட்டாள். அடைக்க அவளுக்கு உரிமை இருந்தது.

"நாடு நல்ல நாடு" என்று அருட்செல்வம் தொடங்கினார். குனிந்து நிலத்தைப் பார்த்தார். துக்கம் என்று நினைத்துச் சனம் உச்சுக் கொட்டியது. "பயப்பட ஒண்டும் இருக்கேல்லை. நான் என்ரை கண்ணாலை பாத்தனான். கர்த்தர்தான் அவையைக் கூப்பிட்டவர்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். வசந்தமலரின் ஆமென் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலாக உரத்துக் கேட்டது.