அட்டைக் கவுண்டர்

மிக்ஸி ஜார் கவுண்டர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவள் கணவனின் புருவத்தைக் கிழித்தது. எறிந்த வாடிக்கையாளன் கோபம் அடங்காமல் மூடியையும் எறிந்துவிட்டுத்தான் போனான்.

ரிப்பேர் கடை அவளுடைய அண்ணனுடையது. முன்னால் கண்ணாடி போட்ட கவுண்டர், பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்குகள். கவுண்டரில் நிற்பவன் அவள் கணவன். யார் கத்தினாலும் குரலை உயர்த்தாதவன் என்பதால் கடையில் அவனுக்குப் பெயரே 'பொறுமை'. அந்த மாதத்தில் அவன் ரத்தம் சிந்துவது இது முதல் தடவை அல்ல.

"கம்பி வலை அடிக்கிறேன். வாசல்ல ரெண்டு தடியனுங்கள நிறுத்தறேன்," என்றான் அண்ணன். "எவனாவது கையை ஓங்கினா, முழுக் கையோட வீட்டுக்குப் போகக் கூடாது."

"அண்ணா, தடியனுங்க வந்தா அடுத்தது கத்திதான் வரும். நடுவுல நிக்கறது இவரு." அவள் பஞ்சால் கணவனின் புருவத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். "எனக்கு ஒரு வாரம் குடு. டிசைன் திங்கிங்னு, ஜனங்க படற கஷ்டத்தப் பாத்து அதுக்கேத்தபடி அமைக்கற வேலைய ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறேன், நம்ம கடைக்குச் செய்ய மாட்டேனா? வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன். அப்புறம் மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு சோதிக்கலாம்."

"யோசனைய எழுதி எழுதிக் கலர் சீட்டு ஒட்டினா சண்டை நின்னுடுமா?"

"அவ ஒட்டட்டும் மச்சான்," என்றான் பொறுமை. "எனக்குப் பிளாஸ்திரி ஒட்டறத விட அது மேல்."

அவள் வாடிக்கையாளர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள், விசாரித்தாள், சுவர் நிறையச் சீட்டு ஒட்டினாள். கண்ணாடியின் சின்ன ஓட்டைக்குக் குனிந்து பேசவேண்டியிருப்பது எல்லோருக்கும் அவமானமாக இருந்தது. கண்ணாடிதான் குற்றவாளி என்று முடிவு கட்டினாள். தாழ்வான, திறந்த கவுண்டர் வேண்டும். சரிப்படுமா என்று பார்க்காமல் மரத்தில் செலவழிக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் பாலபாடம். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஒட்டி, அழகான கவுண்டர் ஒன்றைச் செய்து நிறுத்தினாள்.

"இதுல சாஞ்சா விழுந்துடும்," என்றான் அண்ணன்.

"சாயறதுக்கா வர்றாங்க?"

தையல்காரர் சாயவில்லை. வாரக்கணக்கில் நடந்து அலுத்தவர் அவர். அவருடைய தையல் மெஷின் உள்ளே கிடந்தது. "இன்னும் ஆகலை," என்று பொறுமை சொல்லி வாயை மூடுவதற்குள், மனிதர் அட்டையைக் கிழித்துக்கொண்டு அதற்குள்ளாகவே நடந்து வந்தார். கையில், அங்கே ரிப்பேருக்கு வைத்திருந்த இஸ்திரிப் பெட்டி. முதல் அடி தடுத்த மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவள் நின்ற இடம் வரை கேட்டது. இரண்டாவது அடி வாயில். பொறுமை சரிந்தான். தையல்காரர் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி எதையோ கத்தினார்.

அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இரும்பு ஸ்டூலைத் தூக்கினாள். அவர் தலையில் அடித்தாள். அவர் விழுந்த பிறகும் அடித்தாள். அண்ணன் அவளை இடுப்போடு தூக்கி விலக்கியபோது ஸ்டூலின் கால் வளைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பொறுமையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

"அவருக்கு எப்படி இருக்கு?" என்று விசாரணைக் கவுண்டரின் கண்ணாடிக்குக் குனிந்து கேட்டாள்.

"உட்காருங்கம்மா. கூப்பிடுவாங்க," என்றாள் உள்ளே இருந்த நர்ஸ்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி கேட்டாள். அதே பதில், அதே குரலில். சண்டை போடவே தெரியாத தன் கணவனின் குரல் போலவே சாந்தமான குரல். அந்தச் சாந்தம்தான் அவளை வெறியாக்கியது. மேஜை மேலிருந்த டோக்கன் மெஷினை எடுத்துக் கண்ணாடியில் அறைந்தாள். சில்லுகள் தெறித்தன. உள்ளங்கை கிழிந்து முழங்கை வரை ரத்தம் வழிய, "என் புருஷன் உள்ளதானே இருக்காரு? கண்ணுல காட்டுங்க!" என்று அலறினாள்.

அலறிய பிறகுதான் நினைவு வந்தது. மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு தையல்காரர் கத்தியதும் இதைத்தான். 'என் மெஷின் உள்ளதானே இருக்கு? கண்ணுல காட்டுடா!'

நர்ஸ் பயந்துபோய்க் கதவைத் திறந்தாள். வீங்கிய உதட்டோடு படுத்திருந்தவன் நல்ல கையை லேசாக ஆட்டினான். ஒன்றும் மாறவில்லை, எலும்பு முறிந்ததுதான். ஆனாலும் அவனைக் கண்ணால் பார்த்ததும் அவள் தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடி இல்லண்ணா," என்றாள் மறுநாள், கையில் கட்டோடு. "அந்தச் சுவரு. பொருள் அதுக்குப் பின்னால போனா, குடுத்தவங்களுக்கு அது செத்துச்சா பொழைச்சுதான்னு தெரியலை."

"போன வாரம் கண்ணாடி வேணாம்னே. இப்ப சுவரு. கூரையையாவது விட்டு வைப்பியா? அந்தாள போலீஸ்ல குடுத்துட்டு வலைய அடிக்கிறேன்."

"குடுத்தா உங்க தங்கச்சி தூக்கின ஸ்டூலும் சாட்சிக்கு வரும் மச்சான்," என்றான் பொறுமை, வாயைக் கோணிக்கொண்டு. "சுவர இடிங்க. நான் மறுபடி நிக்கறேன். வலைன்னா நிக்க மாட்டேன்."

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சம்மட்டியை எடுத்தான். யார் மேல் இருந்த கோபமோ, அந்தச் சுவர் மதியத்துக்குள் தரைமட்டமானது.

சில நாள் கழித்து, தலையில் தையலோடு தையல்காரர் வந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார். சுவர் இருந்த இடத்தில் மேஜை. மேஜை மேல் அவருடைய மெஷின், வயிறு திறந்து கிடந்தது. கருகிப்போன மோட்டாரை மெக்கானிக் எடுத்து அவர் பக்கம் காட்டினான்.

"இன்னும் ஆகலை," என்றான் பொறுமை.

"தெரியுது," என்றார் தையல்காரர். மன்னிப்புக் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மெஷினை முறைத்துவிட்டு, "அந்த ஸ்க்ரூவ மெதுவாத் திருப்புப்பா, மரை போயிடும்," என்றார்.

"ஆரம்பிச்சுட்டாங்கடா," என்று அண்ணன் முணுமுணுத்தான்.

இன்னும் கிட்டத்தில் பார்க்கலாமென்று தையல்காரர் சட்டென எழுந்தார். பொறுமையின் கட்டுப்போட்ட கை, அவனைக் கேளாமலேயே முகத்துக்கு முன்னால் உயர்ந்தது.

அவளும் பார்த்தாள், தையல்காரரும் பார்த்தார். அவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மெல்லத் திரும்பப் போய் உட்கார்ந்தார். பொறுமையின் கை இறங்க வெகுநேரம் ஆயிற்று.