நடுவில் இருந்த ஆறாயிரம்

பி.எட். கல்லூரியில் முதல் தவணையாக இருபதாயிரம் கட்டச் சொன்னார்கள். என்னிடம் நாலாயிரம் இருந்தது. மீதிப் பதினாறாயிரத்துக்குக் கம்பெனி சொசைட்டியில் கடன் எடுக்கிறேன் என்றார் அப்பா.

எனக்கு லேப்டாப் வாங்கித் தருவதற்காக அவர் எடுத்திருந்த பழைய கடன் அந்தப் பங்குனியில்தான் தீர்ந்தது. இரண்டு வருடமாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். ரோலிங் மில்லில் ஒரு ஷிப்ட் முடித்து, முகம் கழுவிவிட்டு, அடுத்த ஷிப்டுக்கு அப்படியே நின்றுவிடுவார். அந்தக் கடன் பாரத்தில் அவர் மறுபடியும் கையெழுத்துப் போடக் கூடாது என்று நினைத்தேன். அதனால், லேப்டாப்பை விற்றுவிடலாம் என்றேன்.

வாங்கியது 2007-இல். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த வருடம். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்று யாரோ மில்லில் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தெட்டாயிரம். அதன் பிறகு சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அங்கே எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடும் வேலையே இல்லை. பெயின்ட் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்தது.

"இருவத்தஞ்சுக்குக் கொறஞ்சி குட்த்துடாத பாப்பா" என்றார் அப்பா. "ரெண்டு வருசந்தான் ஆவுது. பூ மாரி வச்சினு இருக்க."

அப்பாவுக்கு அது நகை மாதிரி. வாங்கிய விலையில் செய்கூலி, சேதாரம் போக மீதி அப்படியே இருக்க வேண்டும். லேப்டாப் அப்படி இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை விடப் பெரிய ஒன்று புதிதாகவே இருபத்தெட்டாயிரத்துக்கு வந்துவிட்டது.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போன் செய்தேன். மாடலையும், பேட்டரி சரியாக நிற்காது என்பதையும் சொன்னேன். பதினொன்று தருகிறோம் என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து, அம்மாவை விட்டு அதே கடைக்குப் போன் செய்யச் சொன்னேன். அம்மா அதே மாடல் வேண்டும், பேட்டரி போனதானாலும் பரவாயில்லை என்று கேட்டாள். பதினேழு என்றார்கள்.

"அதே கடையாடி?" என்றாள் அம்மா. "அவங்க கடைல கால வைக்கறதுக்குள்ள ஆறாயிரமா?"

நேரடியாக விற்றால் அந்த ஆறாயிரம் யாருக்கு? எனக்கு மூன்று, வாங்குகிறவருக்கு மூன்று என்று பிரித்தேன். பதினாலாயிரம். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தும் அதுதான் வந்தது.

பதினாறு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் லேப்டாப்பின் விலைக்கும் சம்பந்தம் இல்லை.

வாங்க வந்தது என்னுடன் பொன்னேரிக் கல்லூரியில் படித்த சிஃபா. அவளுக்கு நிக்காஹ் ஆகி நாலு மாதம். கணவர் மொஹசின் சார்ஜாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். வெப்கேமில் அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

"பின்னாடி பசங்க நின்னுகினு இருக்கானுங்கடி" என்றாள் போனில். "அவரு எப்டிக்கீறன்னு கேக்கறாரு. நான் வானிலை அறிக்கை வாசிக்கிறாப்ல பேசிட்டு வரேன். உன்னோடத எனக்கே குடு. வாப்பாவ அனுப்பறேன்."

அவளுடைய வாப்பா நூர் முகம்மது பொன்னேரி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். பூர்வீகம் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கும்மிடிப்பூண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். நூர் முகம்மது லேப்டாப்பின் மூடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். பழக்க தோஷம்.

"சரக்கு நல்லாத்தான்கீது" என்றார். "இன்னா வெலம்மா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதனால் ஒரே மூச்சில் சொன்னேன். பேட்டரி நாற்பது நிமிடம்தான் நிற்கும். ஒரு எழுத்தை அழுத்தி அடிக்க வேண்டும். டிவிடி சில சமயம் ஓடாது. ஒரு தடவை கட்டிலிலிருந்து விழுந்ததில் ஓரத்தில் கீறல் இருக்கிறது. கோடைக்காலத்தில் சீக்கிரம் சூடாகும். பதினாலாயிரம்.

நூர் முகம்மது டீயைக் குடித்து முடித்தார். கிளாசை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"சரிம்மா. ஊட்ல கலந்துனு சொல்லியனுப்பறேன்."

அவர் தெருமுனை தாண்டும் வரை அப்பா காத்திருந்தார்.

"நீ இப்ப வித்தியா, இல்ல அதும்மேல கம்ப்ளைண்ட் குட்த்தியா?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் சிஃபா கூப்பிட்டாள்.

"வாப்பா பயந்துட்டாருடி. அந்தப் பொண்ணே அஞ்சு கொற சொல்லுது, சொல்லாத கொற எத்தினி இருக்கும்னு கேக்கறாரு."

"எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

"அதான் பேஜாரே. நாப்பது வருசமா ஏவாரம் பண்றாரு. பொருள வித்தவன் எவனும் அவராண்ட இப்டிச் சொன்னதில்லியாம். அதுவும் எடுத்த எடுப்புல பதினாலுன்னுட்ட. அவரு எத்தக் கொறைப்பாரு?"

"கொறைக்கவே வேணாம். அதுதான் வெல."

"உனக்கு ஏவாரமே தெரியல. இதோ பாரு. நீ கடைக்கு வா. பதினெட்டுன்னு சொல்லு. அவரு பன்னெண்டும்பாரு. நீ பதினேழும்பே. அவரு எழுந்து போறாப்ல எழுந்துப்பாரு. நீ அப்ப கூப்டக் கூடாது. கடசீல பதினாறுல வந்து நிக்கும். அவருக்கும் சந்தோசம், நான் கொறச்சேன்னு ஊட்ல சொல்லிப்பாரு. உனக்கும் ரெண்டாயிரம் ஜாஸ்தி."

எனக்குப் பதினாறு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை. போனை வைத்த பிறகும் அந்த எண் காதிலேயே இருந்தது. நான் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. அவர் விருப்பப்பட்டுத்தான் தருவார். அப்பா பாரத்தை நிரப்ப வேண்டியதில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்கு ரயில் ஏறினேன். பதினெட்டு, பதினெட்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கவரைப்பேட்டையில் ஏறி எதிரே உட்கார்ந்த கீரைக்காரம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஜெபம் பண்றியா? பரிச்சையா?"

"இல்லக்கா."

"பண்ணு, பண்ணு. நான் ஒண்ணியும் சொல்லல."

கடையில் கூட்டம் இல்லை. கன்னியம்மா என்று ஒருவர் பாயில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணமாம். பத்துப் பன்னிரண்டு புடவைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அவருக்கு எதை எடுப்பது என்று தெரியவில்லை.

"எல்லாத்தயும் மூட்டையா கட்டி எடுத்துனு போ" என்றார் நூர் முகம்மது. "ஊட்ல பொம்பளைங்க பாக்கட்டும். பொண்ணு மேல போட்டுப் பாக்கட்டும். புடிச்சத வச்சிக்கோ. புடிக்காதத அடுத்த வாரம் கொணாந்து போடு."

"பணம், பாய்?"

"அப்பறம் குடேன். எங்க போவப் போற?"

மூட்டையைக் கட்டிக் கன்னியம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, வெல கொறைக்க வந்தியா?"

பதினெட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. நேற்று முன்தினம் பதினாலு என்று சொன்னவள் இன்று பதினெட்டு என்றால், நான் சொன்ன அந்த ஐந்து குறைகளும் அல்லவா பொய்யாகிவிடும்? இவர் என்ன நினைப்பார்? அவர் காத்திருந்தார்.

"இத நீங்க ஊட்டுக்கு எடுத்துனு போங்க பாய்" என்றேன். "ஒரு வாரம் சிஃபா வச்சிப் பாக்கட்டும். நான் சொல்லாத கொற எதுனா இருந்தா திருப்பிக் குட்த்துடுங்க. இல்லன்னா பதினாலு."

"பணம்?"

"அப்பறம் குடுங்க."

அவர் கன்னியம்மா போன திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டியேவா?" என்றார். லேப்டாப்பை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தார்.

காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன். மாலையில் அப்பா கேட்டார்.

"டப்பு குட்த்தாரா?"

"இல்ல நைனா."

"லேப்டாப்பு?"

"அங்கதான்கீது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "சொசைட்டில எதுக்கும் கேட்டு வக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். வியாழக்கிழமை அந்தப் பாரத்தை வாங்கி வந்து பைபிளுக்கு அடியில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. சிஃபாவும் அந்த வாரம் போன் செய்யவில்லை. நானாகக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த செவ்வாய்.

ஞாயிறு மதியம் நூர் முகம்மது வந்தார். அவர் கையில் லேப்டாப் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"நீ சொன்னது பூரா இருக்குது" என்றார் உட்கார்ந்துகொண்டே. "சொல்லாதது ஒண்ணும் இல்ல. சிஃபா ரவ்வும் பகலும் அது முன்னாடியே குந்தினு கீறா. மாப்ள அங்க பிரியாணி ஆக்கறத இங்கருந்து பாத்துனு, உப்பு போடுன்றா. சரி, பன்னெண்டு வச்சிக்கோ."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சரி, பன்னெண்டர."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா கொடுத்துவிடு என்பது போல் லேசாக இருமினார்.

"உம் பொண்ணு ரொம்ப அழுத்தம் பாக்கியராஜு" என்றார் நூர் முகம்மது. "வாயே தெறக்க மாட்டேங்குது. பதிமூணு. அதுக்கு மேல பேச்சில்ல. பேட்டரி மாத்தணும்ல?"

"பேட்டரியக் கழிச்சிதான் பதினாலு" என்றேன்.

"எப்டி?"

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா "சத்தமா சொல்லேண்டி" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ரிச்சி தெருவில் இதே மாடல், இதே போலப் பேட்டரி போனது, என்னிடம் பதினொன்றுக்கு வாங்குவார்கள். உங்களுக்குப் பதினேழுக்கு விற்பார்கள். நடுவில் இருக்கும் ஆறு கடைக்காரருக்கு. கடைக்காரர் இல்லாததால் அந்த ஆறை நாம் இருவரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறோம்.

நூர் முகம்மது தாடியைத் தடவினார். உதடு அசைந்தது. பதினொன்றையும் பதினேழையும் மனதில் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நடுவுல நிக்கிறதுதாம்மா என் பொழப்பே. அந்த ஆள இல்லாம பண்ணிட்டு எங்கிட்டியே வெல சொல்றியா?" சட்டைப் பைக்குள் கை விட்டவர், வெளியே எடுக்காமல் நிறுத்தினார். "எதுனா ஒண்ணு கொறம்மா. நூறு ரூபாயாவது கொற. சொன்ன வெலைக்கு வாங்கிட்டு வந்தேன்னா எங்க ஊட்டம்மா ஒரு வாரத்துக்குச் சிரிப்பா."

விலை குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரை அப்படியே அனுப்பவும் மனம் வரவில்லை. உள்ளே போய் லேப்டாப் பையை எடுத்து வந்தேன். கடைக்கு அதில்தான் கொண்டுபோயிருந்தேன், பையை மட்டும் திரும்பத் தூக்கி வந்திருந்தேன். பி.எட். புத்தகங்களுக்கு ஆகும் என்று வைத்திருந்தது. மவுசையும் அதற்குள் போட்டுக் கொடுத்தேன்.

"கொசுறு" என்றேன்.

"ஆங். இது பேச்சு" என்றார். பையின் ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். திருப்தியானது போல் தெரிந்தது. பணத்தை என் கையில் கொடுக்காமல் அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதை எண்ணாமல் என்னிடம் தந்தார்.

செவ்வாய்க்கிழமை திருவள்ளூருக்குப் பஸ் ஏறினேன். என்னிடம் பதினெட்டாயிரம் இருந்தது. முன்பெல்லாம் ஆபீசில் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அப்பாவை லீவு போட வைத்துக் கூட்டிப் போவேன். இந்த முறை அவரிடம் சொல்லவில்லை. கல்லூரி அலுவலகத்தின் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பணத்தை வாங்கி எண்ணினார்.

"ரெண்டாயிரம் கொறையுது."

"அடுத்த மாசம் கட்டறேன், மேடம்."

"இன்னா சொல்ற? கேக்கல."

"அடுத்த மாசம் கட்டறேன். டியூஷன் எடுக்கறேன். பத்தாந்தேதிக்குள்ள கட்டிடுவேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். அவர் என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டினார். உள்ளே எழுந்து போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

"எழுதிக் குடு. பத்தாந்தேதி தாண்டக் கூடாது."

பேருந்து நிலையத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். மில்லின் சத்தத்தில் அவர் கத்திப் பேசினார்.

"கட்டிட்டேன் நைனா."

"பூராவா?"

"ரெண்டாயிரம் பாக்கி. டைம் கேட்டுக்கினேன். நானே கட்டிடுவேன்."

"யாராண்ட கேட்ட?"

"ஆபீஸ்ல."

"நீயா?"

"நான்தான். அந்தப் பாரத்தத் திருப்பிக் குட்த்துடு நைனா."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நாஷ்டா துன்னியா?" என்றார் அப்பா.

இன்னும் இல்லை என்றேன்.

"மொதல்ல துன்னு. அப்பறமா பஸ் ஏறு."